அதே லேப்டாப், புது மாடல்: மாற்றுவதா, இருப்பதைத் தேற்றுவதா?

போன வாரம் ஆச்சி மகள் காரைக்குடியிலிருந்து கூப்பிட்டாள். (எங்கள் பக்கத்தில் அக்காளைத்தான் ஆச்சி என்போம், பாட்டியை இல்லை.) "அம்மான், என்னோட லேப்டாப்பிலேயே புது மாடல் வந்திருக்கு. பழசைக் கொடுத்தா எட்டாயிரம் குறைக்கிறாங்களாம். மாத்திரவா?" என்றாள். கண்டாங்கிச் சேலையைப் போட்டோ பிடித்து ஆன்லைனில் விற்கிறவள் அவள். அவள் லேப்டாப் 2022-ல் வாங்கியது, 8 ஜிபி ரேம் (வேலை ஓடும்போது வைத்துக்கொள்கிற மெமரி), ஐ5 பிராசசர் (கணக்குப் போடுகிற சிப், சிபியு என்பதும் இதைத்தான்). மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, இப்போது முக்குகிறது.

இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவள். முன்னே எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதும் பையன் கேட்டான், அவனுக்கும் முன்னே இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் நண்பர் மகன். மூன்று பேருக்கும் நான் மூன்று விதமாகப் பதில் சொன்னேன், மூன்றும் சரிதான் என்று இன்னமும் நினைக்கிறேன். நான் கம்ப்யூட்டர் விற்கிறவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆபீஸில் உள்ள ஏழு மெஷின்களும் என் தலையில் இருக்கின்றன, அவ்வளவுதான் தகுதி.

முதலில், எதை வைத்து அளப்பது

கடைக்குப் போனால் வருஷத்தையும் பிராசசர் பெயரையும் சொல்லுவார்கள். அது அவர்கள் அளவுகோல். நமக்கு வேண்டியது வேறு.

ஒன்று, இப்போது எங்கே முட்டுகிறது. ரேமா, பிராசசரா, சூடா, நெட்டா? இது தெரியாமல் மாற்றினால் கண்வலிக்குப் பல்லைப் பிடுங்கின கதை. தெரிந்துகொள்வது சுலபம். வழக்கமான வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை. சிபியு நூறைத் தொட்டு அங்கேயே நின்றால் பிராசசர் திணறுகிறது. அப்போது அதன் வேகம் ஆரம்பத்தில் ஏறிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் விழுந்தால், சூடு தாங்காமல் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. இவளுக்கு மெமரி 93, சிபியு முப்பது சொச்சம்.

இரண்டு, திரை. டேலியில் கணக்குப் போடுகிறவருக்கு எழுத்துத் தெரிந்தால் போதும். சேலை விற்கிறவளுக்கு நிறம்தான் பிழைப்பு. மூன்று, கரண்ட் இல்லாத நேரத்தில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள், இன்வர்ட்டர் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. நான்கு, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார். இதைப் பெருநகரத்தில் இருந்து விமர்சனம் எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. நமக்கு மதுரையோ திருச்சியோ எப்படிப் பார்த்தாலும் தொண்ணூறு கிலோமீட்டர் பக்கம்.

ஐந்தாவது, மொத்தச் செலவு. வாங்கும் விலை இல்லை, அடுத்த மூன்று வருஷத்தில் கைவிட்டுப் போகும் எல்லாம். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்துப் பழகின ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் உண்மையில் என்ன மாறியிருக்கிறது

அவளுடைய மெஷினில் இருப்பது இன்டெல் ஐ5-1235யு. அதே உடம்பில் அடுத்த வருஷம் வந்ததில் ஐ5-1335யு. அதற்கடுத்து இன்டெல் பெயர் வைக்கும் முறையையே மாற்றியது, ‘ஐ’ என்ற எழுத்து போய் ‘கோர் 5 120யு’ ஆயிற்று. இவளுக்குக் காட்டிய ‘புது மாடல்’ இதுதான்.

| | ஐ5-1235யு | ஐ5-1335யு | கோர் 5 120யு |
|---|---|---|---|
| வந்த ஆண்டு | 2022 | 2023 | 2024 |
| கோர்கள் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகள்) | 10 (2 பெரியது, 8 சிறியது) | 10 (2 + 8) | 10 (2 + 8) |
| திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) | 12 | 12 | 12 |
| உச்ச வேகம் | 4.4 கிகாஹெர்ட்ஸ் | 4.6 | 5.0 |
| கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள சின்ன மெமரி) | 12 எம்பி | 12 எம்பி | 12 எம்பி |
| அடிப்படை மின் அளவு | 15 வாட் | 15 வாட் | 15 வாட் |

உச்ச வேகம் என்று போட்டிருப்பது ஒரு கோர் கொஞ்ச நேரம் தொடுகிற எண். நாள் முழுக்க ஓடுகிற வேகம் அதில்லை. மற்ற வரிசையெல்லாம் அப்படியே இருக்கிறது பாருங்கள். மூன்று வருஷத்துக்கு மூன்று பெயர், ஆள் ஒருவர்தான்.

இன்டெலுக்குப் போட்டியாகச் சிப் செய்கிற ஏஎம்டி மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யு என்பது பார்க்க 2022-ம் ஆண்டுப் புதுசு, உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. 7530யு என்றால் ஜென் 3, 7540யு என்றால் ஜென் 4. நடுவில் ஒரு இலக்கம் மாறினால் ஒரு தலைமுறை மாறுகிறது, கடையில் மூன்றையும் ‘ரைசன் 5, 7000 சீரிஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

வழி 1: இருப்பதையே தேற்றுவது

நான் இங்கேதான் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் கடைக்காரர் இங்கே நிற்கவே மாட்டார்.

ரேம்: பின்மூடியைத் திறந்து காலி ஸ்லாட் (ரேம் செருகுகிற இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் 8 ஜிபி போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், கூட ஒரு ஸ்லாட் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது, அப்படியானால் இந்த வழி பாதிக்குமேல் அடைபட்டது. ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதில் இரட்டை லாபம். மெமரி கூடுவது ஒன்று. இன்னொன்று பலருக்குத் தெரியாதது: இந்த இன்டெல் சிப்புகளில் உள்ள ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் இரண்டு சேனலில் (இரண்டு பாதையில்) ரேம் இருந்தால்தான் முழுசாக வேலை செய்யும். ஒற்றைக் குச்சி ரேம் இருந்தால் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும், அந்த அளவுக்குத்தான் ஓடும். புது மாடலைக் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு ‘பறக்குது’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் 16 ஜிபி இரட்டைச் சேனலைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள், பிராசசரை இல்லை.

ஒரு கசப்பு உண்டு. ரேம் விலை 2025-ன் கடைசி மாதங்களில் தாறுமாறாக ஏறிவிட்டது, சிப் கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்குக் கொடுப்பதில் குறியாக இருப்பதால். ஆனால் புது லேப்டாப்பும் அதே ரேமைத்தான் தாங்கி வருகிறது, அதனால் இந்த ஏற்றம் எந்தப் பக்கம் போனாலும் நம்மை விடாது.

பேட்டரி: விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க வசதி இருக்கிறது, பிறந்தபோது கொள்ளளவு என்ன, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இவளுடையது 41 வாட்-ஹவர் இருந்தது 25-க்கு இறங்கியிருந்தது. காரணம், வருஷம் முழுக்க நூறு சதவீதத்தில் சார்ஜரிலேயே கிடந்தது, அதுவும் நம் ஊர் வெயிலில். லித்தியம் அயன் பேட்டரிக்கு நிறைந்த வயிறும் சூடும் சேர்ந்தால் ஆகாது. 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாம் இப்படிப் பேட்டரியைக் கொல்கிறோம். பெரும்பாலான கம்பெனிகளின் செட்டிங் ஆப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கும், புதுசு போட்டதும் அதை ஆன் செய்துவிடுங்கள். போடுவது கம்பெனி பேட்டரியாகவே இருக்கட்டும், மலிவு பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

சுத்தம்: சேலை மடிக்கிற இடத்தில் நூல்பிசிறு பறக்கும், ஃபேனுக்குள் மெத்தைபோலப் படியும். ஃபேனைத் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்டை (சிப்பின் சூட்டைக் கடத்துகிற பசை) மாற்றினாலே பாதி மூச்சுத் திணறல் போகும். இதற்குச் சில நூறு ரூபாய்தான், நல்ல மெக்கானிக் அமைய வேண்டும்.

அப்புறம் நெட். இதைச் சொல்லாமல் விட முடியாது. இவள் வீட்டில் ரூட்டர் இருப்பது முகப்பில், இவள் உட்காருவது இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உள்பக்கம். நடுவில் நம் ஐயாமார் கட்டின செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. வளவில் (நடு முற்றத்தைச் சுற்றின இடத்தில்) நின்றால் சிக்னல் வரும், உள்ளறைக்குள் போனால் படுத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குச் சுவரைத் தாண்டுகிற தெம்பு 2.4-ஐவிடக் குறைவு, அந்தச் சுவருக்கு முன்னால் வைஃபை 6 என்ன, 7 என்ன. போட்டோ அப்லோட் ஆகாமல் சுற்றுவதை ‘லேப்டாப் ஸ்லோ’ என்று எழுதி வைத்திருந்தாள். வளவு ஓரமாக லேன் கேபிள் இழுத்து உள்ளே இன்னொரு ரூட்டர் வைத்ததும் அந்தப் புகார் போயிற்று.

யாருக்கு இது: ஸ்லாட் இருக்கிறவருக்கு, சிபியு நூறைத் தொடாதவருக்கு, எட்டாவது தலைமுறை இன்டெல்லோ அதற்கு மேலோ வைத்திருப்பவருக்கு. ஏழாவது தலைமுறைக்கும் அதற்குக் கீழும் விண்டோஸ் 11 ஓரிரண்டு விதிவிலக்கு தவிர முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்த மெஷினில் பேங்க் வேலை பார்க்கிறவர் இந்த வழியில் காசு போடாதீர்கள்.

வழி 2: புதுப் பெயரில் வந்த அதே மாடல் (ரிஃப்ரெஷ்)

பிராசசருக்காக வாங்க ஒன்றுமில்லை என்று மேலேயே பார்த்தாயிற்று. கீபோர்டில் கோபைலட் (மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளர்) பட்டன் ஒன்று புதுசாக இருக்கும். பட்டன் இருப்பதால் அது ‘கோபைலட் பிளஸ்’ மெஷின் ஆகிவிடாது. அந்தப் பெயருக்கு வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடுகிற தனி என்பியு (ஏஐ வேலைக்கென்றே உள்ள சிப் பகுதி) வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி, 120யு சிப்பில் என்பியுவே கிடையாது.

ஆனால் ‘ரிஃப்ரெஷ்’ என்றால் வெறும் ஸ்டிக்கர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிராசசரைச் சுற்றி வேறு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும், சில சமயம் அங்கே சரக்கு இருக்கும். 720பி கேமரா 1080பி ஆகியிருக்கலாம், டைப்-சியிலேயே சார்ஜ் ஏறலாம், முக்கியமாகத் திரை மாறியிருக்கலாம். பழைய பட்ஜெட் லேப்டாப் திரைகள் பெரும்பாலும் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ ரகம், அதாவது காட்ட முடிகிற நிறங்கள் குறைவு. கண்டாங்கியின் அரக்குச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும், மஞ்சள் வெளுத்துத் தெரியும். இவள் அதைப் பார்த்துவிட்டு எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றுவாள், வாங்குகிறவரின் போனில் அது இன்னும் ஏறிக் கத்தும், சேலை கைக்கு வந்ததும் ‘போட்டோல இருந்த கலர் இல்லை’ என்று திரும்பி வரும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, ஒரு மட்டமான திரையால் பேரைக் கெடுத்துக்கொள்கிறது! வழக்கமான போட்டோ நிறங்களை முழுசாகக் காட்டுகிற ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ திரையோடு வருகிற ரிஃப்ரெஷ் என்றால் இவளுக்கு அது மாற்றுவதற்கு உண்மையான காரணம்.

கவனிக்க வேண்டியது, ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று திரைகள் வரும். விளம்பரத்தில் நல்ல திரை, கடை ஷெல்ஃபில் மட்டத் திரை. பெட்டியின் மேல் இருக்கும் முழு மாடல் எண்ணைத் தேடிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

யாருக்கு இது: இப்போது லேப்டாப்பே இல்லாதவருக்கு, அல்லது ஐந்தாறு வருஷப் பழசிலிருந்து ஏறுகிறவருக்கு. அவருக்குக்கூட நான் சொல்வது, புது மாடல் வந்த கையோடு பழைய மாடல் விலை இறங்கும், பெட்டி பிரிக்காத 1335யு நல்ல திரையோடு கிடைத்தால் அதை எடுங்கள்.

வழி 3: ஒரேயடியாக வேறு தலைமுறை

மாற்றுவதென்றால் மாறினது தெரிகிற மாதிரி மாற்றுவது. 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி, ஏஎம்டியின் ரைசன் ஏஐ 300, ஆப்பிளின் எம் வரிசை எல்லாம் இந்தக் கணக்கு. பேட்டரியும் சூடும் நிஜமாகவே வேறு ரகம். விலையும் வேறு ரகம்.

கோர் அல்ட்ரா 200வியில் ரேம் பிராசசரோடு சேர்ந்தே இருக்கிறது, 16 அல்லது 32, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், பின்னால் கூட்ட வழியில்லை. ஸ்னாப்டிராகன் (போனில் வருகிற வகைச் சிப்) போட்ட விண்டோஸ் லேப்டாப்பை ஆபீஸ்காரர்கள் யோசித்து வாங்குங்கள். பழைய பிரிண்டர், ஜிஎஸ்டிக்குப் போடும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இவற்றுக்கு அதற்கென்றே எழுதிய டிரைவர் (அவற்றை லேப்டாப்போடு பேச வைக்கிற புரோகிராம்) இல்லாவிட்டால் ஓடாது.

மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் எம்4 சிப்போடு 16 ஜிபி ரேமுக்கு 99,900 ரூபாய் என்று இந்தியாவில் வந்தது. எம்1 வைத்திருப்பவருக்கு, அதிலும் 8 ஜிபி எம்1 வைத்து வீடியோ வெட்டுகிறவருக்கு, அது நல்ல ஏற்றம். எம்3 வைத்திருப்பவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு மானிட்டர் போடலாம் என்பதைத் தவிர. டேலி விண்டோஸ் சரக்கு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களின் பழைய பேஜ்மேக்கரும் தமிழ் ஃபான்ட்டுகளும் அப்படித்தான், அதனால் அவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

நண்பர் மகனுக்கு நான் சொன்னது இந்த வழிதான். நான்கு வருஷப் படிப்பு, நாள் முழுக்க வகுப்பில் பிளக் இல்லாமல் ஓட வேண்டும், புராஜெக்ட் வேலையில் சிபியு நிஜமாகவே நூறைத் தொடுகிறது.

வழி 4: ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்து மறுபடி விற்பது)

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்கிப் பழகின நமக்கு இது புதுசில்லை. ஒரு வித்தியாசம், பர்மாத் தேக்கும் எனாமல் கிண்ணமும் வயசாக ஆக விலை ஏறும், லேப்டாப் இறங்கும். அதனால் பழசை விரும்பி வாங்காதீர்கள், கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுத் தள்ளுகிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ரகங்கள் புது பட்ஜெட் மெஷினைவிடக் கட்டுமானத்தில் கெட்டி, கீபோர்டு அருமை, சென்னை ரிச்சி தெருவில் ஸ்பேர் கிடைக்கும். பேட்டரி ஆறிப்போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடுகிற புரோகிராம்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள், பூட்டியிருந்தால் அது வெறும் தகரம். எங்கள் ஆபீஸ் பையனுக்கு இதைத்தான் வாங்கச் சொன்னேன். டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல், வேறென்ன வேண்டும்?

பில்லில் வராத செலவுகள்

பழைய மெஷினோடு வந்த எம்எஸ் ஆபீஸ் அந்த மெஷினுக்கே கட்டுப்பட்டது, புதுசுக்குக் கொண்டுபோக முடியாது. புதுசில் ஆபீஸ் இருக்கிறதா, ஒரு வருஷச் சந்தாவா என்று கேளுங்கள். மெல்லிய மாடலில் பழைய யுஎஸ்பி துளை இல்லாவிட்டால் டோக்கனுக்கும் பென்டிரைவுக்கும் ஹப் வாங்க வேண்டும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், கிரெடிட் கார்டில் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் வந்து நிற்கும். வட்டிக்கணக்கு தெரிந்த ஊர்க்காரர்கள் இதில் ஏமாறுவது எனக்கு ஆச்சரியம்தான்.

‘ஆன்சைட் வாரன்டி’ என்று போட்டிருந்தால் நம் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஆபீஸ் மெஷின் ஒன்றுக்கு ‘வீட்டுக்கே வருவோம்’ என்று சொன்னவர்கள், போர்டு போனபோது ஆள் வர ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள், அது மார்ச் மாதக் கடைசி. அதிலிருந்து நான் லேப்டாப் விலையில் ஒரு பங்கை மாற்று மெஷினுக்கு என்று மனசுக்குள் கூட்டிக்கொள்கிறேன்.

வரவுப் பக்கமும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி தொழிலுக்கு வாங்கினால் லேப்டாப் மீதான 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். இரண்டுமே கடை பெயரில் பில் இருந்தால்தான், தம்பி பெயரில் ஆர்டர் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு எட்டாயிரம் என்றார்களே, அந்த மெஷினை ரேம் போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நாலு வருஷம் ஓடும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் டேட்டாவை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள், வாடிக்கையாளர் முகவரியெல்லாம் அதில்தான் கிடக்கிறது.

அவள் என்ன செய்தாள்

முடிவு முழுக்கத் திரையில் வந்து நின்றது. அதனால் அவளிடம் ஒரே வேலைதான் சொன்னேன்: ஒரு அரக்குக் கண்டாங்கியையும், அதே சேலையை அவள் எடுத்த போட்டோவைப் பென்டிரைவிலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ, புது மாடலில் போட்டோவைத் திறந்து பக்கத்தில் சேலையைப் பிடித்துப் பார். கடைப் பையன் முதலில் பக்கத்து ஜவுளிக்கடைக்கு வழி காட்டினானாம்.

புது மாடலிலும் அதே செங்கல் நிறம். மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் அந்தக் கடையில் இருந்தது மட்டத் திரை வகை, நல்ல திரை வகைக்கு ஆர்டர் போட வேண்டும், விலை இன்னும் ஒன்பதாயிரம் கூட. அதே கடையில் ஒரு 24 அங்குல ஐபிஎஸ் (நிறத்தை நன்றாகக் காட்டுகிற திரை வகை) மானிட்டரில் அதே போட்டோவைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். சேலையும் திரையும் ஒத்துப்போயின. மானிட்டரையும் 8 ஜிபி ரேமையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பேட்டரி இன்னும் மாற்றவில்லை, இன்வர்ட்டர் இருப்பதால் அவசரமில்லை என்கிறாள். இப்போது அவளுக்குள்ள ஒரே பிரச்சினை, இரண்டாங்கட்டில் ஐயா காலத்து எழுத்துமேசை சாய்வாக இருக்கிறது, மானிட்டர் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்குத் தச்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.